பூசைக்கு வைத்த ரேஸ் பைக்

எங்கள் குடும்பத்துக்கு இந்த வியாதி மாமாவால் வந்தது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. மற்றவர்களுடைய மாமாமார் வரும்போது சாக்லேட் கொண்டுவருவார்கள், பிறந்தநாளுக்குச் சங்கிலி போடுவார்கள். எங்கள் மாமா வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் இரும்புக் குழாய்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் மகள் இடது கையைக் கட்டுப் போட்டுத் தொங்கவிட்டபடி படுத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். பாலம் கட்டுவாள், அணை கட்டுவாள் என்று நினைத்துத்தான் படிக்க விட்டேன். அவள் இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து என் கராஜுக்குள் ஒரு ரேஸ் பைக் கட்டினாள். என்ஜின் மட்டும் வாங்கியது, பிரேம் அவர்களே குழாய் வளைத்து வெல்டிங்கில் ஒட்டியது. போன சனிக்கிழமை கிளப் ஓட்டத்தில் ஒரு வளைவில் பைக் ஒரு பக்கம் போக இவள் மறுபக்கம் போனாள். எனக்கு அழைப்பு வந்தபோது நான் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போதும் தொலைபேசி அடித்தால் முதலில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்றுதான் பார்க்கிறேன்.

"அம்மா, இட்ஸ் ஒன்லி எ காலர்போன்" என்றாள் ஆஸ்பத்திரியில். ஒன்லி! வீட்டில் மேலதிகமாக இன்னும் நாலைந்து காறையெலும்பு வைத்திருக்கிறோம் என்பதுபோல.

பின்னேரம் மாமா வந்தார். முறைப்படி அவளுக்கு அவர் தாத்தா. ஆனால் அவளும் மாமா என்றே கூப்பிடுவாள். அறுபதைத் தாண்டிய மனிதர், பிள்ளையின் தலையைத் தடவுவார், ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். வாசலில் நின்றபடியே அவர் கேட்டது இது:

"வெல்டிங் விட்டதோ, நீ விட்டதோ?"

"நான்தான் மாமா. பிரேக் பிடிச்சது டூ லேட்."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துக் கதிரையில் உட்கார்ந்தார். பிள்ளை சோதனை பாஸ் பண்ணிய செய்தி கேட்டவரைப்போல முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கதிரையாலேயே அவருக்கு ஒன்று போட்டால் என்ன என்று எனக்கு இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி நடையில் நின்று கடதாசிக் கோப்பையில் தேநீர் குடிக்கும்போது, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்று சொன்னார். மிகச் சாதாரணமாகச் சொன்னார். இத்தனை வருடமாக நான் வேறு மாதிரி அறிந்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஆகவே நான் அறிந்திருந்த விதத்திலேயே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் லிட்கம் என்ற புறநகரில் இருந்தோம். மாமா எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். லொறிகளுக்குப் பின்பெட்டி செய்கிற ஒரு கொம்பனியின் வரைபடப் பிரிவில் அவருக்கு வேலை. பகல் முழுக்கப் பின்பெட்டி வரைவார். வீட்டுக்கு வந்து பைக் வரைவார். மேற்குப் பக்கத்தில் ஒரு ரேஸ் கிளப்பில் சேர்ந்திருந்தார். அங்கே எல்லோரும் தொழிற்சாலையில் செய்த பைக்கைத்தான் ஓட்டுவார்கள். மாமா சும்மா இருந்திருக்கலாம். தொழிற்சாலைக்காரனுக்கு பிரேம் செய்யத் தெரியாது, நான் செய்து காட்டுகிறேன் என்று தேநீர் குடிக்கிற இடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். கிளப்பில் மூத்தவரான ஒரு தாடிக்காரர், மூன்று சுற்றுத் தாங்கினால் வந்து சொல்லு என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்கு நாங்கள் குடும்பமாகப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிரேம் என்பது பைக்கின் எலும்புக்கூடு. என்ஜினையும் பின்சில்லு என்கிற பின்சக்கரத்தையும் அதுதான் பிடித்திருக்கும். முன்சில்லைத் தாங்கும் கவை வந்து நுழைகிற கழுத்துக்குழாயும் அதில்தான். அந்தக் கழுத்து எவ்வளவு சரிந்து நிற்கிறது என்பதில்தான் வண்டியின் முழுக் குணமும் இருக்கிறது என்பார் மாமா. இதைச் சாப்பிடும்போது சொல்வார். படம் பார்க்கும்போது சொல்வார். செத்த வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, கழுத்தை ஒரு பாகை நிமித்தினாப் போதும். வளைவுக்குள்ள போய்க் கெதியா விழும்."

"விழும் எண்டு உன்ர வாயாலேயே சொல்லுறாய், பாத்தியே."

"உது வேற விழுகை, அக்கா. வண்டி சரியிறது."

"எல்லா விழுகையும் கடைசியில நிலத்திலதான் முடியும்."

அம்மா இப்படிப் பேசினாலும் அவருடைய பயம் பகிடி அல்ல. ஊரில் நடந்த போருக்குள்ளால் அந்தத் தம்பியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கொழும்பில் விமானம் ஏற்றியவர் அவர்தான். "உயிரைக் காப்பாத்திக் கொண்டுவந்து விட்டது, நீ உதில ஏறி விழுந்து சாகவோ?" என்று ஒருநாள் கத்தியபோது மாமா எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குழாய் அரிகிற சத்தம் கேட்டது.

கராஜ் நிலத்தில் பைக்கின் முழு அளவுப் படத்தைச் சோக்கால் கீறி வைத்திருந்தார். அதில் ஒருவரும் மிதிக்கக் கூடாது. அதனால் அப்பாவின் கார் மாதக்கணக்காகத் தெருவில் மழையில் நனைந்தது. வீட்டில் உள்ள மேசைகளையெல்லாம் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சாப்பாட்டு மேசை ஒன்றுதான் மட்டமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதையும் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதன்மேல் ஒரு கனத்த இரும்புத் தகட்டைப் போட்டு, குழாய்களை அசையாமல் இறுக்கிப் பிடித்து, மூலைமூலையாக ஒட்டினார். நாங்கள் குசினி நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா யார் பக்கமும் பேசமாட்டார். "ரெண்டு சில்லும் நேர்கோட்டில நிக்குதோ?" என்று மட்டும் கேட்பார். மாமா உடனே அம்மாவின் தையல் நூலை எடுத்து முன்சில்லிலிருந்து பின்சில்லுக்கு இழுத்துப் பிடித்துக் காட்டுவார். அம்மா தன் நூலைப் பிடுங்கிக்கொண்டு போவார்.

எனக்கோ அந்தப் பைக் உலகத்தின் நடுப்புள்ளி. ஓட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்துக்குப் போய்விட்டு மாமா புது மாப்பிள்ளை மாதிரி வந்தார். "அக்கா, நினைச்சாலே போதும், திரும்புது! தாடிக்காரன் வாயைத் திறக்கேல்லை." அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். பெயின்ற் கூட அதற்குப் பிறகுதான் என்றார். அம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கடைசி நாள்தான் புத்தகங்களைச் சரஸ்வதி பூசைக்கு வைப்பது வழக்கம். வைத்தால் விஜயதசமி காலைப் பூசை முடியும்வரை தொடக்கூடாது. அந்த முறை விஜயதசமி திங்கட்கிழமை. அம்மா, இந்தத் தடவை ஒருநாள் முந்தி, சனிக்கிழமையே வைக்கிறோம் என்று அறிவித்தார். அப்பா நாட்காட்டியைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பாடப்புத்தகங்கள், அப்பாவின் கணக்கிடும் இயந்திரம், அம்மாவின் தையல் மெசின் எல்லாம் வரவேற்பறையில் படத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டன. பிறகு அம்மா மாமாவைக் கூப்பிட்டு, "உன்ர பைக்கையும் துடைச்சுக் கொண்டு வந்து வை" என்றார்.

மாமாவுக்கு அதில் இருந்த பொறி விளங்கவில்லை. அக்கா மனம் மாறிவிட்டாள், தன் கைவேலையைச் சாமிக்கு முன்னால் வைக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேமை ஒரு இடம் விடாமல் மண்ணெண்ணெயால் துடைத்து, பைக்கை உருட்டிக்கொண்டு வந்து கம்பளத்தின் மேல் நிறுத்தினார். அம்மா வாழைப்பழம் வைத்தார், அவல் கடலை வைத்தார். கழுத்துக்குழாயில் மற்றக் குழாய்கள் வந்து கூடுகிற இடத்தை பைக்கின் நெற்றி என்று தீர்மானித்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று குறி பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமம். தேவாரம் பாடிக் கற்பூரம் காட்டி முடித்துவிட்டு, தட்டைக் கீழே வைத்துச் சொன்னார்:

"இனித் திங்கட்கிழமை பூசை முடியத்தான் எடுக்கலாம்."

மாமாவின் வாயில் அவல் இருந்தது.

"அக்கா! நாளைக்கு ரேஸ்!"

"சரஸ்வதியிட்டச் சொல்லு."

"உது ஆயுதமும் இல்லை, புத்தகமும் இல்லை!"

"நீ படிச்ச படிப்பாலதானே செய்தனீ? அப்ப கல்விதான்."

மாமா கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர் அல்ல. ஆனால் ஒரு காகிதம் காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். அம்மாவுக்கு இது தெரியும். அவர் பிடித்த பிடி அதுதான். மாமா ஆத்திரத்தில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் எனக்குத் தைரியமிருந்தது. காலையில் சின்னப் பூசை ஒன்று செய்து, மன்னிப்புக் கேட்டு எடுக்கப் போவதாக எனக்குக் காதில் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உடுத்து, சான்விச் பெட்டியும் கையுமாக வரவேற்பறைக்கு ஓடினேன். அம்மாவும் மாமாவும் பைக்குக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். அம்மா குளித்து, முதல்நாள் பட்டுச் சேலையையே உடுத்தியிருந்தார். மாமா டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கின் நெற்றியில் வெள்ளையாகக் காய்ந்திருந்த மூன்று குறிக்கும் குறுக்கே, மயிரிழை மாதிரி மண்ணிறக் கோடு ஒன்று ஓடியிருந்தது. விளக்கு நெய் சிந்திப் பூசையைக் கெடுத்துவிட்டது, அதுதான் இரண்டு பேரின் முகமும் இப்படி இருக்கிறது என்று நினைத்தேன்.

"போய்ப் பல்லைத் தீட்டு" என்றார் அம்மா.

"தீட்டிட்டன்."

"இன்னொருக்காத் தீட்டு."

போகும்போது மாமா மெல்லிய குரலில், "அவங்களுக்கு இப்ப என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்பது கேட்டது. நேரம் பிந்துவதைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

தாடிக்காரரும் இன்னொரு இளைஞனும் பின்பக்கம் திறந்த சின்ன லொறியில் பைக்கை ஏற்றிப்போக வந்தார்கள். இடம் போய்விடும் என்ற பயத்தில் நான் முதல் ஆளாய் ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அம்மா வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அம்மா வங்கியில் வேலை செய்தவர். வாடிக்கையாளரோடு வெள்ளைக்காரர் மாதிரி ஆங்கிலம் பேசுகிறவர். அன்றைக்கு என்ன பிடித்ததோ, "நோ டேக்! நோ டச்! டுடே காட் ஸ்லீப்பிங்! மண்டே காட் வேக்கப்!" என்று உரத்துக் கத்தினார். இளைஞன் தொப்பியைக் கழற்றினான். தாடிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பூவும் பழமும் புகையுமாக நடுவில் நின்ற பைக்கைக் கண்டதும் ஒரு அடி பின்னுக்கு வைத்தார். எனக்கு இருக்கைக்குக் கீழே ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இனி இந்த லொறியில் உள்ளவர்கள் எல்லோருக்கும் சொல்வார்கள், அவர்கள் மூலமாக என் வகுப்புக்கும் தெரியும், என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, விசர் என்று.

மாமா உள்ளேயிருந்து பாய்ந்து வந்து தமிழில் கத்தினார். அம்மா திருப்பிக் கத்தினார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "என்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியேடி அக்கா!" என்றார். அதே மூச்சில், அதே கோபத்தோடு, "மத்தியானத்துக்குப் புட்டோ, சோறோ?" என்று கேட்டார். அம்மாவும் கையை ஓங்கி, "சோறுதான்! கத்தரிக்காய்க் குழம்பு!" என்று அலறினார். துக்கம் அளவு மீறினால் பெரியவர்களுக்கு மூளை கலங்கிவிடும் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பாவம் மாமா.

தாடிக்காரர் மாமாவின் தோளில் தட்டி, கடவுளோடு மோத முடியாது மேட், அடுத்த ஓட்டத்தில் பார்ப்போம் என்றார். என்னை மெதுவாக இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு போய்விட்டார்கள். நான் சான்விச் பெட்டியோடு புல்லில் நின்றேன்.

அன்று மத்தியானம் மாமா இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அது என்னை இன்னும் கலங்க வைத்தது. திங்கட்கிழமை பூசை முடிந்ததும் பைக்கைக் கராஜுக்கு உருட்டிப்போய், என்ஜினைக் கழற்றிவிட்டு, தன் கையால் செய்த பிரேமின் கழுத்தை இரும்பறுக்கும் வாளால் அரிந்து எடுத்தார். ஓட முடியாமல் போன ஆத்திரத்தில்தான் அரிகிறார் என்று நினைத்து அழுதேன். பிறகு மாதக்கணக்காக உட்கார்ந்து வேறு கழுத்து வைத்து, மூலைகளுக்கு முக்கோணத் தகடு வைத்து ஒட்டினார். அடுத்த வருடம் ஓடினார். கடைசிக்கு முந்தின ஆளாக வந்து, வென்றவனைவிடக் கூடுதலாகச் சிரித்தார். நான் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேச நெடுநாள் எடுத்தது. சனங்கள் கூடுகிற இடமெல்லாம் "தம்பியின்ர ரேஸை மறிச்ச அக்கா" என்று அம்மாவைப் பகிடி பண்ணுவார்கள். தாடிக்காரர் பல வருடங்கள் கழித்து மாமாவின் கலியாணத்துக்கு வந்தபோதும் அம்மாவிடம் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தித்தான் ஆங்கிலம் பேசினார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

இதுதான் நான் அறிந்திருந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆஸ்பத்திரி நடையில் மாமா சொன்னார்: அந்தக் கோடு நெய் அல்ல. பயிற்சி ஓட்டத்திலேயே கழுத்து ஒட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. துடைத்த மண்ணெண்ணெய் அதற்குள் இறங்கி, இரவு முழுக்க ஊறி வந்து, காய்ந்த திருநீற்றில் கோடு போட்டிருக்கிறது. பட்டறைகளில் சோக் பூசி இப்படித்தான் வெடிப்புப் பிடிப்பார்களாம். அம்மாதான் காலையில் முதலில் கண்டு மாமாவை எழுப்பியிருக்கிறார். ஓடியிருந்தால், முதல்தரம் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததும் கழுத்து கையோடு வந்திருக்கும்.

"அப்ப கிளப்பில சொல்லியிருக்கலாம்தானே, மாமா?"

"சொன்னா? மூண்டு சுத்துக்கும் தாங்காத பிரேம் எண்டு முடிஞ்சிருக்கும். பிறகு ஓட்டத்துக்கு முதல் பைக் பரிசோதிக்கிறவன் என்ர குழாய் ஒண்டையும் உள்ள விடான். நானும் அதோட விட்டிருப்பன், பிள்ளை. எனக்கு அழுகை வந்திட்டுது. கொம்மாதான் யோசிச்சுப் போட்டுச் சொன்னா, நான் மறிக்கிறன், நீ என்னோட சண்டை பிடி எண்டு."

வெடித்த கழுத்தோடு ஓட இருந்த மனிதர், இதைச் சொல்லிவிட்டு, என் மகளின் பிரேமில் அந்த மூலைக்குத் தகடு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் படம் கேட்டார்.

அம்மாவுக்கு அழைத்தேன். இப்போதும் லிட்கமில்தான் இருக்கிறார். "ஓம், அதுக்கு இப்ப என்ன?" என்றார். "அது சரஸ்வதி காட்டினது. அவன் மண்ணெண்ணெய் எண்டுதான் சொல்லுவான். பிள்ளை சாப்பிட்டவளோ?"

"நீங்கள் அண்டைக்கு அவங்களிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, மாமா அதோட பைக்கை விட்டிருப்பாரே அம்மா. நீங்கள் அதைத்தானே விரும்பினீங்கள்?"

"விட்டிருப்பான்தான்" என்றார் அம்மா. "அதுக்குப் பிறகு?" என்று கேட்டார். உடனே, அடுப்பில் பால் பொங்குகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டார். அவரோடு கதைத்து ஒரு விஷயத்தை முடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

என் மகள் எழும்பினால் பைக்கைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள்.

அம்மாவுக்கு அந்த பைக்கைக் கண்ணில் காட்டக்கூடாது, அதனால் மறித்தார் என்பது பத்து வயதில் என் முடிவு. சனிக்கிழமையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த பைக்கை ஒழித்துக்கட்ட அவருக்கு மறிக்கவே தேவையிருக்கவில்லை. வங்கியில் பேசுகிற அந்த நல்ல ஆங்கிலத்தில், இங்கே ஒரு வெடிப்பு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஒரு வரி போதும். தம்பி வாழ்நாளில் இன்னொரு குழாய் அரிந்திருக்கமாட்டார். அம்மா இரவெல்லாம் பயந்த பயத்துக்கு முடிவு வந்திருக்கும். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அம்மா பட்டுச் சேலையோடு, தெரிந்த பாஷையைத் தெரியாததாக்கிக்கொண்டு, அந்நியருக்கு முன்னால் கையை விரித்து நின்றிருக்கிறார். லொறியின் முன் இருக்கையில் இருந்த எனக்கு, அவர் மறிப்பது மட்டும்தான் தெரிந்தது.